குதிரைக்குப் பின்னால் உடைத்த தேங்காய்

என் அக்காவைக் கட்டிய ஜெயசங்கர் அத்தானைப் போல ஒரு பயந்த மனிதரை மலேசியாவின் ஜொகூர் மாநிலம் முழுக்கத் தேடினாலும் பார்க்க முடியாது. லிஃப்டில் ஏறமாட்டார். மூவார் பாலத்தில் கார் போனால் கண்ணை மூடிக்கொள்வார். நல்லவேளை, ஓட்டுவது நான். வீட்டுக்குப் புது வண்டி வந்தால் தேங்காய் உடைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழத்தை நசுக்கினால்தான் அவருக்கு மூச்சே வரும். மகளின் சைக்கிளுக்கும் நசுக்கினார்.

அவர் பெற்ற சிந்துஜாவோ எதற்கும் அஞ்சாதவள். வயது பதினான்கு. குதிரை ஓட்டக் கற்றுக்கொண்டவள், சொந்தக் குதிரை வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றாள். மகளிடம் முடியாது என்று சொல்லவும் அத்தானுக்குப் பயம். ஆகவே கிளம்பினோம். குளுவாங்கில் ஒருவர் காட்டிய குதிரைக்குப் பல் பெரிதாக இருந்ததாம். கோத்தா திங்கியில் பார்த்தது இவரை முறைத்ததாம். "இது சரிப்படாது லா" என்று இரண்டு இடத்திலும் என்னைக் காருக்கு இழுத்து வந்துவிட்டார்.

மூன்றாவதாகப் போனது ஆயர் ஈத்தாம் பக்கம், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய காளிதாஸின் லாயத்துக்கு. பழுப்பு நிறத்தில் சாதுவான ஒரு பெண்குதிரையை அவர் காட்டினார். அத்தான் ஒரு விரலால் அதன் கழுத்தைத் தொட்டுவிட்டுச் சட்டென்று எடுத்துக்கொண்டார். அது கண்டுகொள்ளவில்லை. விலை படிந்தது. குதிரை தன் லாயத்திலேயே நிற்கட்டும் என்று காளிதாஸ் சொன்னார். சிந்துஜா சேணத்தில் ஏறி உட்கார்ந்தாள். காளிதாஸ் தண்ணீர் வாளி எடுக்க உள்ளே போனார்.

அத்தான் காரிலிருந்து தேங்காயோடு வந்தார்.

"குதிரைக்குமா அத்தான்?"

"வண்டியவிட இதுதான் ஆபத்து. முன்னால ஒடச்சா மிரளும். பின்னால போய் ஒடைக்கிறேன்."

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அவர் குதிரைக்குப் பின்னால் போய், சாமியை நினைத்துக்கொண்டு, சிமெண்டுத் தரையில் ஓங்கி அடித்தார்.

குதிரை பாய்ந்தது. நான் திரும்புவதற்குள் திறந்து கிடந்த கேட்டைத் தாண்டித் தோட்டத்துப் பாதையில் இறங்கிவிட்டது. பாதை முடியும் இடத்தில் லாரிகள் பறக்கும் பெரிய சாலை. "சிந்து! சிந்து!" என்று கத்திக்கொண்டு அத்தான் ஓடினார். செருப்பு ஒருபக்கம் போனது. நானும் ஓடினேன். அவள் தெரியவில்லை, புழுதிதான் தெரிந்தது. தூரத்தில் ஒரு லாரி விடாமல் ஹாரன் அடித்தது.

"பின்னாலயா ஒடச்சீங்க? குதிரைக்குப் பின்னால ஆள் நின்னாலே மிரளும்ணே!" என்று கத்தியபடி காளிதாஸ் எங்களை முந்திக்கொண்டு ஓடினார்.

சாலைக்குச் சற்று முன்னால், கால்வாயோரம், குதிரை நுரை தள்ள நின்றுகொண்டிருந்தது. சிந்துஜா அதன் பிடரியைக் கட்டிப்பிடித்துக் கிடந்தாள். காளிதாஸ் கடிவாளத்தைப் பிடித்து, அவளை இறக்கிவிட்டார். அவள் அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குக் குதிரை வேணாம்ப்பா. இனிமே ஏறவே மாட்டேன். வீட்டுக்குப் போலாம்."

"பரவாயில்லண்ணே, பிள்ளையக் கூட்டிட்டுப் போங்க. வேற ஆளு வாங்கிக்குவாங்க" என்றார் காளிதாஸ்.

அத்தான் கும்பிடாத சாமியில்லை, இந்த ஒரு வார்த்தையை மகள் வாயால் கேட்க. இப்போது துள்ளிக் குதிப்பார் என்று நினைத்தேன். அவர் என் கையைப் பிடித்தார்.

"இப்படியே கூட்டிட்டுப் போனா என்னை மாதிரியே ஆயிடுவாடா," என்றார் மெதுவாக.

குதிரை தணியும்வரை அங்கேயே நின்றோம். பிறகு அத்தான் காளிதாஸிடம், "குதிரைய நாங்களே எடுத்துக்கிறோம்" என்றார். மகளிடம் திரும்பினார்.

"ஏறும்மா."

"பயமா இருக்குப்பா."

"எனக்கும்தான். ஏறு. அப்பா கயிறப் பிடிச்சுக்கிறேன்."

சிந்துஜா ஏறினாள். காளிதாஸ் ஒருபக்கம் கூடவே நடந்தார். லாயம் போய்ச் சேரும்வரை அத்தான் கயிற்றை யாரிடமும் கொடுக்கவில்லை. குதிரையின் மூச்சு அவர் தோளில் பட்டுக்கொண்டே இருந்தது. அவர் ஒருமுறைகூட விலகவில்லை.