ரெண்டு கட்டை ஏற்றிய குரல்

எனக்குக் கட்டைக் குரல். ஃபோனை எடுத்தால் எல்லோரும் ஆண் என்று நினைத்து "சார்" என்றுதான் கூப்பிடுவார்கள். தொண்ணூறுகளின் கடைசியில் பெங்களூரில் நடந்த ஒரு பாப் பாட்டுப் போட்டியில், அதே குரலில் பாடி ஜெயித்தேன். முதல் பரிசு, என் பெயரில் ஒரு ஆல்பம்.

விவேக் நகரில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து அம்மாவும் நானும் பஸ் பிடித்து ஸ்டூடியோவுக்குப் போய்வந்தோம். எல்லாப் பாட்டையும் பாடி முடித்த அன்று, தயாரிப்பாளர் முதல் பாட்டைப் போட்டுக் காட்டினார்.

அம்மா தலையாட்டிக் கேட்டுவிட்டு, "நல்லா இருக்கு. யாரு சார் இந்தப் பொண்ணு?" என்றார்.

பாட்டு என்னுடையது, குரல் என்னுடையது இல்லை.

"உங்க பொண்ணுதாம்மா. மெஷின்ல ரெண்டு கட்டை ஏத்தி மெல்லிசாக்கிட்டோம். அப்போதான் கேசட் போகும்," என்று தயாரிப்பாளர் சிரித்தார்.

"போட்டியில ஜெயிச்சது இந்தக் குரல் இல்லையே சார்," என்றேன்.

"அது போட்டி. இது பிசினஸ். ஒத்துக்கலேன்னா ஆல்பமே வராது."

பேசாதே என்று அம்மா என் கையை அழுத்தினார்.

"பேடா சார், வேண்டாம்!" கன்னடமும் தமிழும் சேர்ந்தே வந்தன. "என் குரல் வராத கேசட்ல என் பேரும் வரக் கூடாது."

எழுந்து வெளியே வந்துவிட்டேன். பஸ்ஸில் அம்மா என்னை விட்டு வேறு சீட்டில் போய் உட்கார்ந்தார்.

அறிவித்த பரிசைக் கொடுக்காமல் விட முடியாததால், போட்டியை நடத்தியவர்கள் பல மாதம் கழித்து என் குரலை மாற்றாமலே ஆல்பத்தை வெளியிட்டார்கள். அதிகம் விற்கவில்லை.

பரிசையும் வேண்டாம் என்று சொல்லலாம் என்பது அன்றுவரை எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு, கொஞ்சம் மாறிக்கொள்ளச் சொல்லி எத்தனையோ பேர் வந்தார்கள். ஒருத்தருக்கும் நான் அசைந்து கொடுக்கவில்லை.