மீன்கறியில் விழுந்த பருப்பு

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும் அறைச் சாவியைத் திருப்பித் தந்துவிடுவதாகக் கிடங்குக்காரரிடம் என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டு வந்தார். மட்டாஞ்சேரியில் பழைய சுக்குக் கிடங்கை ஒட்டிய சின்ன அறை அது. உள்ளே ஓர் அரவை மெஷின். என் மசாலாத்தூள் வியாபாரமே அவ்வளவுதான். அக்கம்பக்கத்து வீடுகளை நம்பி அறையை வைத்திருக்க முடியாது, விடாமல் வாங்க ஒரு ஹோட்டலாவது வேண்டும் என்றார். அவர் சொன்னது சரிதான். சரியாக இருந்ததால்தான் எனக்கு அவ்வளவு எரிச்சல்.

புதன்கிழமை இடக்கொச்சிச் சாப்பாட்டுக்கடை ஒன்றுக்கு, மீன்கறிக்கென்று மாதிரித் தூள் கொடுத்திருந்தேன். மறுநாள் மதியம் கடைக்காரர் போன் செய்தார். அக்காவை இங்கே இத்தா என்பார்கள்.

“இத்தா, இது மீன்கறியாணோ, சாம்பாறாணோ? கரண்டி நிக்குது!”

“உங்க ஆளுக்கு வைக்கத் தெரியலைன்னா என் தூள் என்ன பண்ணும் சேட்டா?” என்று சுள்ளென்று கேட்டுவிட்டேன்.

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. எங்கள் வீட்டுக் குழம்புத்தூளில் துவரம்பருப்பும் ஒரு பிடி அரிசியும் வறுத்துப் போட்டு அரைப்போம். குழம்பு கெட்டியாக வரும். மலையாளியின் மீன்கறியில் பருப்புக்கு என்ன வேலை! ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அவள் நான்தான்.

மன்னிப்புக் கேட்கத்தான் அப்போதே பஸ் ஏறினேன். கடைக்குள் நுழைந்ததும் கண் தட்டுகளுக்குத்தான் போனது. சோறு சாப்பிட்டவர்கள் கறியை ஓரமாக ஒதுக்கி வைத்திருந்தார்கள். கப்பைக்கிழங்கு, அதான் மரவள்ளி, சாப்பிட்டவர்களின் தட்டோ கழுவி வைத்த மாதிரி இருந்தது! ஒருவர் கடைசிக் கப்பைத் துண்டால் தட்டை வழித்துக்கொண்டிருந்தார். அடி ஆத்தி!

“சேட்டா, தப்பு என்னோடதுதான். மீனுக்குப் பருப்பில்லாத தூள் நாளைக் காலையில கொண்டு வரேன். ஆனா இதையும் விட்டுறாதீங்க. கப்பைக்குன்னு தனியா ஒரு கறி வைங்க. அங்க பாருங்க!”

அவர் அந்த மேசைக்குப் போனார். “எங்ஙனயுண்டு?” என்று ருசி கேட்டார்.

“கொறச்சு கூடி” என்று அந்த மனிதர் தட்டை நீட்டினார். இன்னும் கொஞ்சம் வேண்டுமாம்! எனக்கு அங்கேயே குதிக்க வேண்டும் போலிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை புதுத்தூளோடு போய் நின்றேன். மீன்கறி கொதித்ததும் கடைக்காரர் உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தார். “ரெண்டும் வேணும் இத்தா. எல்லா வாரமும்” என்றார்.

ஜும்மா முடிந்து வீட்டுக்காரர் தொப்பியோடு வந்தபோது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. சாவிக்காகக் கையை நீட்டினார்.

“தர மாட்டேன்! ஹோட்டலுக்கு ரெண்டு தூள்! பருப்புப் போட்டது ஒண்ணு, போடாதது ஒண்ணு! வாராவாரம்!” என்று மெஷின் சத்தத்துக்கு மேல் கத்தினேன்.

நீட்டிய கையை இழுத்துக்கொண்டு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

“பருப்புப் போட்டது எது, போடாதது எதுன்னு முதல்ல எழுதி ஒட்டு. இல்லேன்னா நீ மாத்திக் குடுத்துருவ.”

சாவி என் இடுப்பிலேயே இருந்தது.