ஷெரோமி கல்யாணத்து இரவல் நகை

மூன்று வருஷம் தன்னைக் காதலித்தவனுடைய கல்யாணத்துக்கு, பெண்ணை அலங்கரிக்கத் தன்னையே கூப்பிடுவார்கள் என்று மெரினா நினைக்கவில்லை. கூப்பிட்டார்கள். மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் அந்த வேலைக்கு அவளை விட்டால் ஆளில்லை. மணப்பெண் ஷெரோமியின் அம்மா டோரீன் கொஞ்சமும் கூச்சப்படாமல் வந்து நின்று, "பழசெல்லாம் மனசுல வச்சுக்காத புள்ள" என்றாள். வேறு எங்கே வைப்பதாம்? மெரினாவுக்கு வாய் வரை வந்தது, விழுங்கிக்கொண்டாள். கொழுந்து பறிக்கப் போகாமல் அவள் பிழைப்பது இந்தத் தொழிலில்தான்.

தோட்டத் தொழிலாளர் லயத்து வரிசையில் ஒரு வீட்டுக் கல்யாணம் என்றால் ஆறு வீட்டு நகை சேரவேண்டும். ஆரம் ஒரு வீடு, நெக்லஸ் ஒரு வீடு, ஜிமிக்கி இன்னொரு வீடு. எது யாருடையது என்று மாறிப்போகாமலிருக்க மெரினா ஒவ்வொன்றிலும் ஒரு நிற நூல் கட்டுவாள். கட்டும்போதே தங்கம் எது, கவரிங் எது என்று கைக்குத் தெரிந்துவிடும். இந்த முறை இரண்டு மோதிரத்தைத் தவிர மிச்சமெல்லாம் கவரிங். அசல் அடகில் கிடந்தது. அதை வெளியே சொல்ல யாருக்கு மனம் வரும்? இல்லை என்று கைவிரிக்கவும் மானம் விடவில்லை. அதே மாதிரியில் கவரிங் வாங்கி, தங்கம் என்றே கொடுத்து அனுப்பியிருந்தார்கள். மெரினா ஒன்றும் தெரியாதவளாக நூலைக் கட்டினாள்.

கல்யாணம் முடிந்ததும் நகைகளைக் கழற்றி, பிஸ்கட் டின்னில் போட்டு, அலுமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை ஷெரோமியிடம் கொடுத்தாள். ஷெரோமி அதைச் சிரித்துக்கொண்டே புது மாப்பிள்ளை றொக்சன் கையில் வைத்தாள். அந்தச் சிரிப்பு மெரினாவுக்குச் சுருக்கென்று தைத்தது.

மறுவீடு முடிந்து மூன்றாம் நாள்தான் இரவல் நகையைத் திருப்புவது வழக்கம். மூன்றாம் நாள் டின் காலியாக இருந்தது.

யாரும் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. கடைசியாகத் தொட்டவள் மெரினா. அதோடு, காதலனைப் பறிகொடுத்த வயிற்றெரிச்சல் வேறு. மத்தியானத்துக்குள் அவளைப் பொலிசுக்குக் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள்.

இன்ஸ்பெக்டர் சிங்களத்தில் கேட்டார், தமிழ்க் கான்ஸ்டபிள் தமிழில் சொல்லி, பதிலை எழுதினார். நகை இரவல் கொடுத்த ஆறு வீட்டாரும் வந்திருந்தார்கள். மாயாண்டி தன் ஆரம் மூன்று பவுன் என்றார். சோலைமலை நெக்லஸ் இரண்டு பவுன் என்றார். பிரியந்தி, கண்ணைத் துடைத்துக்கொண்டே, வளையல் மட்டும் நாலு பவுன் என்றாள். மெரினாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை பேருக்கும் தங்கள் நகை என்னவென்று தெரியும். தெரிந்துகொண்டே அவளைத் தங்கம் திருடியவளாக்குகிறார்கள். 'கவரிங்குன்னு தெரிஞ்சதை நான் ஏன் சேர் எடுக்கப் போறேன்?' இந்த ஒரு வார்த்தை போதும், அவள் தப்பிவிடலாம். ஆனால் சொன்னால் ஆறு வீட்டு மானமும் ஸ்டேசனிலேயே போகும். அப்புறம் எந்த வீட்டுப் படியை மிதிப்பது? சொல்லாவிட்டால் கள்ளி. கள்ளியை யார் கல்யாண வீட்டுக்குக் கூப்பிடுவார்கள்?

"சாவி மாப்பிள்ளைகிட்டதான் இருந்துச்சு சேர்," என்றாள் கடைசியில். "அவரையும் கேளுங்க."

மாயாண்டி அதைப் பிடித்துக்கொண்டார். "அப்படின்னா நட்டத்துல பாதி மாப்பிள்ளை குடுக்கட்டும்."

ஷெரோமியோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்த றொக்சன் துள்ளி எழுந்தான். "எதுக்குக் குடுக்கணும்? மோதிரம் ரெண்டத் தவிர அத்தனையும் கவரிங். வாய் கூசாம பவுன் கணக்குச் சொல்றாங்க."

இன்ஸ்பெக்டர் கேட்பதற்கு முன் ஷெரோமி கேட்டாள். "ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவனால் சமாளிக்க முடியவில்லை. வெளிநாட்டு வேலைக்கு ஏஜென்சிக்குக் கட்டக் காசு தேவைப்பட்டு, டின்னிலிருந்த நகையை எடுத்துப்போயிருக்கிறான். ஹட்டனில் நகைக் கடைக்காரன் உரசிப் பார்த்துச் சிரித்ததும், மோதிரத்தை மட்டும் விற்றுவிட்டு மிச்சத்தை நீர்த்தேக்கத்தில் எறிந்திருக்கிறான். இப்படிப்பட்டவனுக்காகவா மூன்று வருஷம் என்று மெரினாவுக்குத் தன்மேலேயே வெறுப்பாக வந்தது. ஷெரோமியை அந்த நேரத்தில் அவளால் வெறுக்க முடியவில்லை.

பஸ் நிறுத்தத்தில் ஆறு வீட்டாரும் தள்ளியே நின்றார்கள். மன்னிப்பு என்று ஒரு பேச்சில்லை. கொஞ்ச நேரம் கழித்து பிரியந்தி மட்டும் பக்கத்தில் வந்தாள்.

"நூல் கட்டறப்பவே கவரிங்குன்னு ஒனக்குத் தெரியும்தானே?"

"தெரியாதுக்கா."

"தெரியாமயா இருக்கும்," என்றாள் பிரியந்தி. "தை மாசம் மகளுக்குக் கல்யாணம் வருது. நீ வரவேணாம். ஹட்டன்லேருந்து ஆள் எடுத்துக்கிறோம்."

மற்ற வீட்டாரும் அதைக் காதில் வாங்கிக்கொண்டு பஸ் வரும் பக்கம் திரும்பினார்கள். பஸ் வந்ததும் அவளை முந்திக்கொண்டு ஏறினார்கள்.

"பேசாம நாந்தான் எடுத்தேன்னே சொல்லியிருக்கலாம்க்கா," என்றாள் மெரினா. பிரியந்தி அதற்குள் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டாள்.