சாகா என்று ஓர் ஊர்

முக்கிய அறிவிப்பு: பிளானோவில் எங்கள் வீட்டு டிவி ரிமோட் இனி என் ஆட்சியில். அப்பா ஆபீஸ் வேலையாக ஆறு மாதம் ஜப்பானில் உள்ள சாகாவுக்குப் போகிறார்.

தங்கச்சியிடம் முகத்தைத் தொங்கப்போட்டுச் சொன்னேன்: “அப்பா சாகா போறாருடி.”

“சாகப் போறாரா?” ஓவென்று அழுதுவிட்டாள்.

மோடம் கத்தி ஓய்ந்ததும் இன்டர்நெட்டில் ஊரைக் காட்டினேன். மலையடிவாரம் வரை வயல், குறுக்கே வாய்க்கால்கள், மேலே ஆட்களைச் சுமந்து கலர் கலராகப் பலூன்கள்.

“பேரே சாகா! அங்க யாருமே சாக மாட்டாங்க.”

“ப்ராமிஸ்?”

“ப்ராமிஸ்.”

சிரித்துவிட்டாள். ஆறுதல் சொல்வதில் என்னை அடிச்சிக்க ஆளில்லை.

அப்பா வந்தார். என் முகத்தை உற்றுப் பார்த்தார். “ஏன்டா கண்ணு சிவந்திருக்கு?”

“வெங்காயம் நறுக்கினேன்பா.”

இன்று வீட்டில் யாரும் சமைக்கவில்லை, பீட்சா ஆர்டர் பண்ணியிருந்தோம். வேறு நல்ல சாக்கு இருந்தால் உடனே எழுதுங்கள்.