மூடிவிட்டார்கள் என்று சொன்னேன்

நாட்றாம்பாளையத்தில் எங்கள் குடும்பத்துக்குத் தனி மரியாதை உண்டு. வெளியூர்க்காரர்கள் முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். இருளர்கள் தங்கள் குடியிருப்பில் தாங்களே ஓர் அருங்காட்சியகம் திறந்த பிறகு எல்லா வண்டிகளும் எங்களைத் தாண்டிப் போயின. எனக்கு வயிறு எரிந்தது.

ஒரு சனிக்கிழமை பர்கூர்ப் பக்கமிருந்து வந்தவர்கள் கல்லூரிப் பேருந்தை நிறுத்தி வழி கேட்டார்கள்.

"இன்னிக்கு மூடிட்டாங்க" என்றேன். நம்பித் திரும்பிவிட்டார்கள்.

மதியம் வேடிக்கை பார்க்கப் போனேன். அருங்காட்சியகத்தை நடத்தும் மாதி வாசலில் நின்றிருந்தார். "காலேஜ் புள்ளைங்களுக்குக் களி கிண்டி வெச்சோங்க, யாரும் வரல. நீங்களாச்சும் வந்தீங்களே, உள்ள வாங்கண்ணா."

தேன் எடுக்க ஏறும் கொடி ஏணி, கிழங்கு தோண்டும் குச்சி என்று காட்டிக்கொண்டே வந்தார். ஒரு கடப்பாரையின் கீழே, எங்கள் கிணற்றைத் தோண்டிய ஆறு இருளர்களின் பெயர்கள் இருந்தன. என் தாத்தா தனியாக வெட்டிய கிணறு என்றுதான் நான் ஊரெல்லாம் சொல்லி வந்தேன். உண்மை எனக்கும் தெரியும்.

"தப்பிருந்தா சொல்லுங்கண்ணா, திருத்திடறோம்."

"எழுதினதுல தப்பில்ல, மாதி. அந்த பஸ்ஸைத் திருப்பி அனுப்புனது நான்தான்."

அவர் போய் ஒரு நோட்டை எடுத்து வந்தார். பிறகு, "காலேஜ் வாத்தியாருகிட்ட நீங்களே பேசிக் கூப்பிடுங்க" என்று எண்ணைக் கொடுத்தார்.

பேசினேன். அடுத்த வாரம் வந்தார்கள். மாதி அந்தப் பெயர்களைப் படித்தார். தன் அப்பாவின் பெயர் வந்தபோது அவர் குரலில் இருந்த பெருமையை நினைத்தால் எனக்கு இன்றும் பொறாமையாகத்தான் இருக்கிறது. எங்கள் வீட்டுக் கதைகளில் பொய்யை எடுத்துவிட்டால் அப்படிப் பெருமையாகச் சொல்ல எது மிஞ்சும் என்று தெரியவில்லை.