பல் எண்ண வந்தவர்கள்

அந்த நாட்களில் யாழ்ப்பாணத்தில் பல் வைத்தியர்கள் மிகச் சிலரே. ஆகவே பள்ளிப் பிள்ளைகளின் பூச்சி அரித்த சூத்தைப் பற்களைக் கணக்கெடுக்க அரசாங்கம் இரண்டு தாதிகளைப் பழக்கி, சிறு கண்ணாடியும் வளைந்த ஊசியும் கொடுத்து அனுப்பியது. சூத்தை அதிகமுள்ள பகுதிக்கு மாதமொருமுறை ஒரு வைத்தியரும் ஆளை இருத்திப் பல் பிடுங்கும் கதிரையும் வரும் என்பது ஏற்பாடு. நான் வேலை பார்த்த பத்திரிகையில் இதைத் தெளிவாகவே போட்டிருந்தோம்.

தெல்லிப்பழைக்கு அப்பால் ஒரு சைவப் பாடசாலைக்கு அவர்கள் போன நாளில் செய்தி எழுத நானும் போனேன். அங்கே பள்ளியை நடத்தும் மனேஜரும் தலைமையாசிரியரும் பத்திரிகையை வாசித்துமிருந்தார்கள். ஆனால் வெளியாள் ஒருவர் வந்து பிள்ளைகளைப் பார்த்து ஏதோ குறித்தால் அது சோதனை. சோதனை என்றால் பள்ளிக்கூடம் சித்தியெய்த வேண்டும். வேறொன்றும் அவர்களுடைய புத்தியில் ஏறாது. இன்ஸ்பெக்டர் வரும்போது படிப்பு வராத பிள்ளைகளை வீட்டில் நிறுத்துவது அவர்களின் வழக்கம். இம்முறை சூத்தைப் பல்லுக்காரரை நிறுத்தினார்கள். தலைமையாசிரியர் முதல் நாளே ஒவ்வொரு வாயாகத் திறந்து பார்த்துத் தேறாதவர்களைக் கழித்துவிட்டார். யோசித்துப் பார்த்தால், தாதிகள் செய்ய வந்த வேலையும் அதுதான். மிஞ்சியவர்கள் உமிக்கரியால் ஈறு சிவக்கத் தேய்த்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.

பள்ளி வாசல் படலையடியில் ஒரு தாய், கன்னம் வீங்கிய மகளுடன் நின்றாள். பிள்ளைக்குப் பத்து வயதிருக்கும். இரவில் நித்திரை இல்லை, சோறு மெல்ல முடியவில்லை என்றாள் தாய். புகையிலைத் தோட்டத்துக்கு இறைப்புக் காலம். மானிப்பாய் ஆஸ்பத்திரிக்குப் போய்வர வழியில்லை. கதிரை ஊருக்கே வந்தால் பிள்ளையின் வேதனை தீரும் என்று நம்பியிருந்தாள். மனேஜர் சால்வையை இழுத்துவிட்டபடி வந்தார்.

"உவளை ஏன் இஞ்சை கொண்டு வந்தனி? இண்டைக்குப் பள்ளிக்கூடத்தின்ரை மானம். தாதி மிசிமார் போகுமட்டும் மடத்துக்கை கொண்டுபோய் இருத்து."

"பல்லுக் காட்டத்தானே ஐயா வரச்சொன்னது?"

"நல்ல பல்லுக்காரரை."

அவள் போனாள். அவள் குத்தகைக்குச் செய்த தோட்டமும் அவருடையது.

வரிசை முடிந்ததும் மூத்த தாதி, ஒரு சூத்தைகூட இல்லையே, வேறு பிள்ளைகள் உண்டா என்று கேட்டாள். இவ்வளவுதான் என்றார் தலைமையாசிரியர்.

"எங்கடை ஊர்த் தண்ணி அப்பிடி, மிசி," என்றார் மனேஜர்.

பிள்ளைகள் இல்லாமல் வெறுமையாகக் கிடந்த வாங்குகளை அவள் பார்த்தாள். வாங்குகளைப் பார்க்க அவளுக்குப் பயிற்சி தரப்படவில்லை. இளநீர் குடித்துவிட்டுப் போனார்கள்.

கதிரை பருத்தித்துறைப் பக்கம் போயிற்று. அங்கே ஒரு மீனவப் பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளையும் அப்படியே வரிசையில் விட்டிருந்தார்கள். சைவப் பாடசாலை மனேஜர் எங்கள் பத்திரிகைக் கந்தோருக்கே வந்துவிட்டார். வைத்தியரை விட்டுத் தாதிமாரை அனுப்பினால் கணக்கு இப்படித்தான் பிழைக்கும் என்று நான் எழுத வேண்டுமாம். தன் ஊரில் எத்தனை பேருக்குச் சூத்தை என்று தனக்குத் தெரியாதா என்றார். தெரியும் என்றுதான் நானும் நினைத்தேன். கன்னம் வீங்கிய அந்தப் பிள்ளையைத் தன் மாட்டுவண்டியில் பருத்தித்துறைக்கு அனுப்பப் போவதாகவும் சொன்னார். அந்தத் தயாளத்துக்கும் பத்திரிகையில் ஒரு வரி கேட்டார்.

பருத்தித்துறைக்குக் கதிரை வந்த நாளில் நானும் அங்கே நின்றேன். பெயர் பதிந்தவர் எந்த ஊர் என்று கேட்க, தாய் சொன்னாள். அந்த ஊரில் சூத்தையே இல்லையே என்றார் அவர்.

"ஓம் ஐயா, ஊரிலை இல்லை. இவளின்ரை வாய்க்குள்ளைதான் கிடக்கு."

வைத்தியர் வாயைத் திறந்து பார்த்தார். காலம் பிந்திவிட்டதால் பக்கத்துப் பல்லையும் சேர்த்துப் பிடுங்கினார்.