மாமாவின் கண்ணாடி என் சட்டைப் பைக்குள் இருந்தது

கன்றுக்குட்டிக்கு அம்பு விட்ட மாமாவின் கதை எங்கள் வீட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். சொன்னவள் நான்தான். இங்கே ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சனில், பிறந்தநாள், பால்காய்ச்சல் என்று நாலு சனம் கூடினால், மற்ற நேரம் வாய் திறக்காத என்னை அந்த ஒரு கதையைச் சொல்லச் சொல்லிக் கேட்பார்கள். நானும் சொல்லுவேன். சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். என் பேச்சையும் நாலு பேர் கேட்கிறார்களே என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு புழுகம். இனி அதை அப்படிச் சொல்ல எனக்கு ஏலாது. நடந்ததை நடந்தபடி எழுதிவிடலாம் என்று இருக்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள், எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன கோடையில் மகனின் வேலையிடத்து ஆட்கள் குடும்பத்தோடு ஒரு காட்டுக்குப் போனார்கள். என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள். காட்டுப் பாதை நெடுக, மரங்களுக்கு நடுவில், றப்பரில் செய்த மானும் பன்றியும் நரியும் நிற்கின்றன. வில்லும் அம்பும் தருகிறார்கள், நடந்து நடந்து விடவேண்டியதுதான். உயிர் மானுக்கு இந்த நாட்டில் அம்பு விடச் சட்டத்தில் இடம் இல்லையாம். மகன் அதைச் சொன்னதும் எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

மகனும் கண்ணாடி போடுகிறவன். சொல்லிக்கொடுக்கிற ஜெர்மன் மனுசி கண்ணாடிக்காரரைத் தனியாகக் கூப்பிட்டு, கண்ணாடியைக் கழற்றாதீர்கள், முகத்தை இன்னும் கொஞ்சம் திருப்பினால் விளிம்பு கண்ணை மறைக்காது என்று சொல்லியிருந்தார். அவன் கேட்டால்தானே. நாண் கண்ணாடியில் உரசுகிறது என்று கழற்றி மருமகளிடம் கொடுத்துவிட்டு அம்பை விட்டான். அது மானையும் தாண்டிப் பற்றைக்குள் போனது.

“மாடு கீடு நிண்டால் தள்ளிப் போகச் சொல்லுங்கோ, எங்கட பரம்பரை அப்பிடி,” என்றான். மருமகள் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

பிறகு, வில்லை இடக்கையில் பிடித்தபடி, மானிலிருந்து முகத்தைத் திருப்பாமல், வலக்கையைப் பின்னால் நீட்டினான். உள்ளங்கை விரிந்து மேலே பார்த்தபடி இருந்தது. மருமகள் கண்ணாடியை அந்தக் கைக்குள் வைத்தாள். அவன் போட்டுக்கொண்டான்.

அவ்வளவுதான் நடந்தது. நான் பக்கத்தில் கிடந்த மரக்குற்றியில் இருந்துவிட்டேன்.

“என்ன மாமி, தலை சுத்துதோ?”

“இல்லைப் பிள்ளை, கால் உளையுது.”

அந்தக் கையை நான் ஒருக்கால் பார்த்திருக்கிறேன். அப்போது எனக்கு எட்டு வயதோ ஒன்பது வயதோ.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. தாய் தகப்பன் இல்லாமல் அம்மாவின் கையில் வளர்ந்தவர். கிளிநொச்சிப் பக்கம் கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை. அரிசி மூட்டையைத் தனியே தூக்கிப் பிடரியில் போடுகிற ஆள். ஆனால் கண்ணாடியைக் கழற்றினால் மூட்டை எது, பூனை எது என்று தெரியாது. போத்தலின் அடிப்பக்கம் போலத் தடித்த கண்ணாடி. அதைக் கண்டதும் இரண்டு சம்பந்தம் நழுவிப் போயின. இந்த வயதிலேயே இப்படியென்றால் நாற்பதில் கோல் பிடித்து நடக்கப்போகிறவருக்கோ பெட்டையைக் கொடுக்கிறது என்று கேட்டார்களாம்.

மூன்றாவது சம்பந்தம் தூரத்தில், காட்டை ஒட்டிய ஒரு குடியேற்றத் திட்டத்தில். கண்ணாடிப் பேச்சைப் புறோக்கர் எடுக்கவேயில்லை. அம்மா ஒரு வழி கண்டுபிடித்தார். பெண் பார்க்கப் போகிற அன்றைக்கு மாமாவுக்குக் கண்ணாடி இல்லை. கலியாணம் முடிந்த பிறகு கண் பழுதாய்ப் போனது என்று போடலாம், தாலி கட்டினவனை யாரும் திருப்பி அனுப்ப மாட்டார்கள்.

மாமாவுக்கு அது பிடிக்கவில்லை. “அக்கா, மூஞ்சி கழுவேக்கையே எனக்குச் சுவர் எங்கையெண்டு தெரியாது,” என்றார்.

“நீ சும்மா இரு. உன்ரை வாயைப் பாத்துக்கொண்டிருந்தால் நீ கிழவனாய்ப் போடுவாய்.”

வழிகாட்ட நான். மாமாவோடு ஒட்டிக்கொண்டு திரிகிற மருமகப் பிள்ளை போல அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கவேண்டும். படி வந்தால் ஒருக்கால் அமுக்கவேண்டும், பள்ளம் வந்தால் இரண்டு தரம். மாமா கையை நீட்டினால் உடனே என் கையைக் கொடுக்கவேண்டும். இதை அம்மா வீட்டு முற்றத்தில் என்னை நடக்கவைத்துப் பழக்கினார். பஸ்ஸால் இறங்கியதும் கண்ணாடியை லேஞ்சித் துணியில் சுற்றி என் சட்டைப் பைக்குள் வைத்து ஊசியும் குத்தினார்.

“என்ன நடந்தாலும் அதுகளுக்கு முன்னாலை இதை வெளியிலை எடுக்கக்கூடாது. விளங்கிச்சோ?”

விளங்கியது என்று தலையை ஆட்டினேன். என்னை நம்பி ஒரு வேலை தந்தது அதுதான் முதல் தடவை.

அந்த வீட்டில் முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. வாசற்படியில் அமுக்கினேன், மாமா காலைத் தூக்கி வைத்தார். தேத்தண்ணித் தட்டு வந்தபோது, கிண்கிண் என்று சத்தம் வந்த பக்கம் கையை நீட்டிச் சரியாக எடுத்தார். ஒரு இடத்தில்தான் பிசகியது. பலகாரம் கொண்டுவந்த தாயைப் பெண் என்று நினைத்து, “நீங்கள் எத்தினையாம் வகுப்பு மட்டும் படிச்சனீங்கள்?” என்று பணிவாகக் கேட்டுவிட்டார். மனுசிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கதவுக்குப் பின்னால் பெண் வாய்விட்டுச் சிரித்தாள். பகிடி விடுகிற மாப்பிள்ளை என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். மாமா அந்தச் சிரிப்பு வந்த பக்கம் திரும்பி, தானும் சிரித்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு சட்டைக் கொலரை இழுத்துவிட்டார். அவருக்குப் பிடித்துவிட்டது என்று எனக்கே தெரிந்தது.

பெண்ணின் தகப்பன் வேட்டைக்காரர். அவரிடம் துவக்கு இல்லை, வில்லுத்தான். “வெடி வைச்சால் காட்டிலாகாக்காரன் ஓடி வருவான். வில்லுக்கு வாயில்லை பாருங்கோ,” என்று சொல்லிச் சிரித்தார். பொழுது சாயத் தொடங்கியதும் எழும்பி, “மாப்பிள்ளை, மான் தண்ணிக்கு வாற நேரம். வாருங்கோவன் ஒருக்கா,” என்றார்.

அம்மாவின் முகம் வெளுத்தது. “உவன் கடையோடை இருக்கிறவன் அண்ணை, உதெல்லாம் பழக்கமில்லை.”

“பழக்கம் எங்கயிருந்து வாறது? வந்தால்தானே.”

இன்னும் மறுத்தால் ஏன் என்று கேட்பார்கள். அம்மா என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். “பிள்ளை மாமாவை விட்டிட்டு இராள், அவளையும் கூட்டிக்கொண்டு போங்கோ,” என்றார்.

வீட்டுக்குப் பின்னால் வயல், வயலுக்கு அங்காலே சின்னக் குளம். தகப்பனும் பெண்ணின் தமையனும் முன்னால். மாமா என் கையைப் பிடித்தபடி. ஒரு பாலை மரத்துக்குப் பின்னால் குந்தினோம். வாய் திறக்கக்கூடாது என்று தகப்பன் விரலை உதட்டில் வைத்துக் காட்டினார். கொஞ்ச நேரத்தில் இரண்டு புள்ளிமான் காட்டிலிருந்து மெல்ல மெல்ல இறங்கின. அவற்றுக்குத் தள்ளி, குளக்கட்டின் அடியில், அந்த வீட்டுப் பசுக்கன்று ஒன்று புல் மேய்ந்துகொண்டு நின்றது. அதுவும் அதே மண்ணிறம்.

தகப்பன் வில்லை மாமாவின் கையில் வைத்தார். மாமா தலையை ஆட்டித் திருப்பிக் கொடுத்தார். அவர் மறுபடியும் வைத்து, காதுக்குள், “முதல் அம்பு மாப்பிள்ளையின்ரை. எங்கட வழக்கம்,” என்றார். தமையன் பல்லைக் காட்டிக்கொண்டு மாமாவின் தோளைத் தட்டினான்.

மாமா எழும்பி நின்றார். வில்லை இடக்கையில் பிடித்தார். முகத்தைத் திருப்பாமல் வலக்கையைப் பின்னால் என்னிடம் நீட்டினார். உள்ளங்கை விரிந்திருந்தது.

நான் என் கையைக் கொடுத்தேன்.

அவர் அதை மெதுவாக விலக்கிவிட்டு மறுபடியும் நீட்டினார். விரல்களை மடித்து மடித்து விரித்தார். ஒரு கை போதாதாக்கும் என்று நினைத்து, என் இரண்டு கையையும் அதற்குள் வைத்து இறுக்கிப் பிடித்தேன். மாமாவின் கை வேர்த்திருந்தது. சட்டைப் பைக்குள் கண்ணாடி என் வயிற்றில் அழுத்திக்கொண்டு இருந்தது. அம்மா சொன்னதை மறக்காமல் இருக்கிறேனே என்று எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

“ம், விடுங்கோ,” என்று தகப்பன் கிசுகிசுத்தார். மாமா என் கைகளை ஒருக்கால் அமுக்கினார். பிறகு கையை எடுத்து, அம்பை நாணில் வைத்து இழுத்தார். மூட்டை தூக்கிய கை, அதனால் வில் நன்றாகவே வளைந்தது.

கன்று கத்திய சத்தத்தில் மான்கள் எங்கே போயின என்று தெரியாது. அம்பு அதன் பின்தொடையில் நின்றது. தகப்பனும் தமையனும் ஓடினார்கள். வீட்டிலிருந்தும் ஆட்கள் ஓடிவந்தார்கள். பசுவுக்கு அம்பு விட்ட பாவம் யாருடைய வாயிலும் வரவில்லை, ஆனால் எல்லோருடைய முகத்திலும் இருந்தது. மாமா நின்ற இடத்திலேயே நின்றார். “என்ன பட்டது? என்ன பட்டது?” என்று என்னைக் கேட்டார்.

“கண்டுக்குட்டி, மாமா.”

“கண்ணாடியைத் தா, பிள்ளை.”

எல்லோருக்கும் கேட்கத்தான் கேட்டார். ஊசியைக் கழற்றி எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைப் போட்டுக்கொண்டு குளக்கட்டுக்கு இறங்கினார். கன்றின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெண் இருந்தாள். அவள்தான் மணப்பெண். மாமா அவளை முதன்முதல் கண்டது அப்போதுதான். அவள் நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது.

தகப்பன் சத்தம் போடவில்லை. அம்பைப் பிடுங்கி, மருந்து வைத்துக் கட்டினார். கையைக் கழுவிக்கொண்டு வந்து, “இதை முதலே கேட்டு வாங்கியிருக்கலாமே, தம்பி,” என்றார். மாப்பிள்ளை தம்பியாகியிருந்தார்.

“பிழைதான் அண்ணை,” என்றார் மாமா.

அம்மாவிடம் பெண்ணின் தகப்பன் சொன்னது எனக்கு நல்ல ஞாபகம். “கண்ணாடி ஒரு குறையே, தங்கச்சி? ஒளிச்சுக்கொண்டு வந்தியள், அதையும் விடுவம். தெரியேல்லை எண்டு சொல்லாமல் அம்பை விடுற ஆளை நம்பி நான் எப்பிடிப் பெட்டையைக் குடுக்கிறது? அதிலை இந்தப் பிள்ளை நிண்டிருந்தால்?”

மாமா பிறகு கலியாணமே செய்யவில்லை. நான் ஜெர்மனிக்கு வந்து, அகதிகள் விடுதியில் நாலு குடும்பத்துக்கு ஒரு குசினி என்று இருந்த காலத்தில், யார் மூலமோ ஒரு தடவை தொலைபேசியில் கதைக்கக் கிடைத்தது. “பிள்ளை, அங்கை சரியான குளிராமே?” என்று மட்டும்தான் கேட்டார். நான் அவரிடம் கேட்க ஒன்றும் இருக்கவில்லை, எனக்குத்தான் ஒன்றும் தெரியாதே. இடம்பெயர்ந்து திரிந்த ஒரு மாரியில் அவர் செத்துப்போனார். அதற்குப் பிறகும் நான் இங்கே கேக் வெட்டிய மேசைகளைச் சுற்றி அந்தக் கதையைச் சொல்லிச் சனத்தைச் சிரிக்கவைத்தேன். அவர் கையை நீட்டிய இடத்தையும் சொல்லுவேன். அந்த இடத்தில், பாவம் மாமாவுக்கே பயம், என்று சேர்த்துச் சொல்லுவேன்.

அந்தப் பெண் வீட்டிலிருந்து அன்றைக்குப் பஸ்ஸுக்கு நடந்த வழி முழுக்க அம்மா மாமாவை ஏசிக்கொண்டே வந்தார்.

“நான் ஒளிக்கச் சொன்னனான், ஓம், என்ரை பிழை. ஆனால் வில்லைக் கையிலை தந்தாப் பிறகுமோ? ஒரு சொல்லுக் கேட்டு வாங்க உனக்கு வாய் இல்லையோ? அந்த மனுசன் கேட்டதுக்கு நான் என்ன மறுமொழி சொல்லுறது?”

மாமா நடந்துகொண்டே இருந்தார். அவரைப் பேசுவது எனக்குப் பொறுக்கவில்லை. மாமா நல்லவர் என்று அம்மாவுக்குக் காட்டவேண்டும் என்று நினைத்தேன்.

“மாமாவைப் பேசாதேங்கோ. நான் பயப்பிடுவன் எண்டு அம்பு விட முதல் எனக்குக் கை தந்தவர். ரெண்டு தரம் நீட்டினவர். நான் ரெண்டு கையாலையும் பிடிச்சனான்.”

அம்மா நடையை நிறுத்தினார். என்னைப் பார்த்தார். ஊசித் துளை விழுந்த என் சட்டைப் பையைப் பார்த்தார். பிறகு மாமாவைப் பார்த்து, “கையை நீட்டினியோ?” என்றார். குரல் மாறியிருந்தது.

மாமா கண்ணாடியைக் கழற்றி வேட்டித் தலைப்பால் துடைத்தார்.

“பிள்ளை பயந்திட்டுது அக்கா. அதுதான் பிடிச்சனான்,” என்றார்.

அம்மா அப்படியே றோட்டுக் கரையில் குந்தி, சேலைத் தலைப்பால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அவ்வளவு நேரமும் கோபித்துக்கொண்டு வந்தவர் இப்போது ஏன் அழுகிறார் என்று எனக்குத் தெரியவில்லை. யோசித்துப் பார்த்தேன். கன்றுக்காகத்தான் இருக்கும் என்று பட்டது. பக்கத்தில் போய் அவரின் முதுகைத் தடவினேன்.

“அழாதேங்கோ அம்மா. நாங்கள் வெளிக்கிடேக்கை கண்டுக்குட்டி எழும்பி நிண்டது. நான் கண்டனான்.”

“ஓம்,” என்றார் மாமா. “நிண்டது.”